இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 37 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரியும் ஏறக்குறைய அதே தூரம்தான். புதுச்சேரியிலிருந்து விழுப்புரமும் அப்படியே. மூன்று ஊரையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். மூன்று வருஷமாக அந்த முக்கோணத்துக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

விழுப்புரத்தில் என் மாமியார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சும் போய்விட்டது. திண்டிவனத்தில் என் அம்மா. அவருக்கு மறதி நோய். புதுச்சேரியில் ஜிப்மர், அம்மாவுக்கு வைத்தியம் அங்கே. இதற்கு நடுவே என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள்.

போன் செய்கிற சொந்தக்காரர்கள் நல்லவர்கள். கணவர் பக்கத்து ஆட்கள் "அத்தை எப்படி இருக்காங்க?" என்பார்கள். என் பக்கத்து ஆட்கள் "அம்மா எப்படி இருக்காங்க?" என்பார்கள். மகளின் மாமியார் "பாப்பா சாப்டுச்சா?" என்பார். எல்லாருமே ஒருவரைப் பற்றித்தான் கேட்பார்கள். டாக்டர்களும் அப்படித்தான். "ராத்திரியில ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும்" என்பார் ஒருவர். "இவங்களைத் தனியா விடவே கூடாது" என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியான ஆலோசனை. இரண்டையும் சொல்லிக்கொள்வது ஒரே ஆளிடம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

அத்தைக்குப் பக்கவாதம் வந்தது 2023 ஜூனில். விடிகாலையில் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இரவு எத்தனை மணிக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. அடைப்பினால் வருகிற பக்கவாதத்துக்கு, அறிகுறி தெரிந்த நாலரை மணி நேரத்துக்குள் போனால் கட்டியைக் கரைக்கிற ஊசி போட வாய்ப்புண்டு என்பார்கள். எங்களுக்கு அந்த வாய்ப்பு தூக்கத்திலேயே போயிற்று. (இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ காபி போட்டுக் கொடுத்துப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். உடனே 108.)

ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளும் இரவில் நான்தான் துணை. பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களுக்கு அனுமதி இல்லை. நியாயமான விதிதான். ஆனால் அதன் பலனாக, பெற்ற பிள்ளை வராண்டாவுக்கு வெளியே நிற்பான், மருமகள் உள்ளே இருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் அதே ஏற்பாடு எந்த விதியும் இல்லாமல் தானாகத் தொடர்ந்தது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று 2007-ல் வந்த சட்டத்தில், 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள், பேரன், பேத்தி என்று எழுதியிருக்கிறது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒருநாள் அத்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தபோது இது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அம்மாவின் கதை அதற்கும் முன்பே ஆரம்பித்தது. 2022-ல் பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுத்தார். சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்தது. பிறகு ஒருநாள், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மஞ்சப்பையோடு நின்றவரைத் தெரிந்த கண்டக்டர் பார்த்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். "எங்கம்மா கிளம்பினீங்க?" என்று கேட்டதற்கு "வந்தவாசிக்கு, அம்மா வீட்டுக்கு" என்றாராம். பாட்டி போய் இருபது வருஷம் ஆகிறது.

"வயசானா அப்படித்தான்" என்று எல்லாரும் சொன்னார்கள். ஜிப்மரில் தைராய்டு, பி12 சத்து எல்லாம் ரத்தத்தில் பார்த்தார்கள். அவை குறைந்தாலும் மறதி வரும், அதைச் சரிசெய்ய முடியும் என்றார்கள். அம்மாவுக்கு அவை சரியாக இருந்தன. அதைக் கேட்டு வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று அப்போது தெரியவில்லை. குறை இருந்திருந்தால் நல்லது என்று மனசு நினைத்தது.

அம்மா திண்டிவனத்தை விட்டு வரமாட்டேன் என்றார். அப்பா கட்டிய வீடு. மாடியில் குடியிருக்கும் அக்கா மதியம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலப் பெண் மாதம் ஒருமுறை வீட்டுக்கே பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து, மாத்திரைக்காக லைனில் நிற்கிற வேலை ஒன்று குறைந்தது. நான் ஒரு தனியார் பள்ளியில் அலுவலகக் கணக்கு பார்க்கிறேன். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் திண்டிவனம் பஸ் ஏறுவேன். ஏழு நாளுக்கான மாத்திரையை டப்பாவில் பிரித்துப் போட்டு, இட்லி மாவு அரைத்து வைத்து, ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். அந்த ஒன்றரை நாள் அத்தையைக் கணவர் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்வது என்றால், பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு டயபர் மாற்றச் சொல்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததை 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் நிறுத்தியது.

30-ம் தேதி சனிக்கிழமை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து வந்திருந்த மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். மழை கொட்டியதால் நான் திண்டிவனம் போகவில்லை. அன்று இரவு புதுச்சேரி அருகே புயல் கரையைக் கடந்தது. கடந்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலைக் கணக்கில், மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. மயிலம் என்பது எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருக்கிற ஊர்.

கரண்ட் போனது. அத்தைக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம். அது கரண்டில் ஓடுகிற சின்ன மோட்டாரை நம்பி இருக்கிறது. மோட்டார் நின்றால் மெத்தை மெல்ல அமுங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுகிற வேலை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றானது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நானும் மகளும் அத்தையைப் புரட்டினோம். எட்டு மாத வயிற்றோடு அவள் குனியக் கூடாது என்று நான் கத்துவேன், "அப்போ வேற யாரு இருக்கா?" என்று அவள் கத்துவாள். கணவர் தண்ணீர் ஏறிய மண்டியில் அரிசி மூட்டைகளை மேலே ஏற்றப் போயிருந்தார்.

அம்மாவின் போன் எடுக்கவில்லை. மாடி அக்காவின் போனும் எடுக்கவில்லை. டவர் இல்லாமல் இருக்கலாம், சார்ஜ் இல்லாமல் இருக்கலாம் என்று அறிவுக்குத் தெரிகிறது. மனசு, அம்மா மஞ்சப்பையோடு வந்தவாசி பஸ்ஸுக்குத் தண்ணீரில் இறங்கிவிட்டதாகவே நினைத்தது. திங்கள்கிழமை காலை ரயிலில் போய்விடலாம் என்று பார்த்தால், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டுவிட்டது என்று ரயில்களையே நிறுத்திவிட்டார்கள்.

யாராவது கேட்டால், வேலை அதிகம் என்பதுதான் கஷ்டம் என்று சொல்வேன். உண்மையில் கஷ்டம் அது இல்லை. இந்த நிமிஷம் யாரை விடுவது என்பதுதான். ஒருவரைக் கவனிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இன்னொருவரைக் கவனிக்காத நிமிஷம். அந்த இரண்டு நாளும் அத்தையின் முதுகைத் துடைத்துக்கொண்டே நான் திண்டிவனத்தில் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தேன். அம்மா மாடி வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வர்க்கியைக் காபியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீழ் வீட்டில் முழங்கால் வரை தண்ணீர் நின்ற கறை. என்னைப் பார்த்து, "ஏன் முடியெல்லாம் இப்படிக் கெடக்கு? எண்ணெய் வைக்கிறதில்லையா?" என்றார். அன்றைக்கே அவரை விழுப்புரத்துக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

ஜனவரி முதல் வாரத்தில் பேத்தி பிறந்தாள். இப்போது ஒரே வீட்டில் நாலு தலைமுறை. கேட்க அழகாக இருக்கும். அடுப்படியில் நின்று பார்த்தால்தான் தெரியும். அத்தைக்குச் சர்க்கரை வேறு, விழுங்குவதிலும் சிரமம். தண்ணியாக எது கொடுத்தாலும் புரையேறும், அதனால் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு. அம்மாவுக்கு எல்லாம் ஒத்துக்கொள்ளும். ஆனால் சாப்பிட்டது ஞாபகம் இருக்காது. கை கழுவிவிட்டு வந்து, "இன்னும் எனக்குச் சோறு போடலையே" என்பார். வெளியாட்கள் இருக்கும்போதும் சொல்வார். முதல் இரண்டு தடவை முகம் செத்துப்போனது. அப்புறம், தட்டில் கொஞ்சம் பொரியை வைத்துக் கொடுக்கப் பழகிக்கொண்டேன்.

சம்பந்திகள் இருவரும் ஒரே அறையில். ஒருவருக்குப் பேச்சு இல்லை. இன்னொருவருக்குப் பேசியது நினைவில்லை. என் கல்யாணத்தில் பந்தியில் பாயசம் பத்தாமல் போன கதையை அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அத்தையிடம் சொல்வார். அந்தப் பாயசத்துக்காக 1999-ல் சண்டை போட்டவரே அத்தைதான். பதில் சொல்ல முடியாமல் அவர் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வார். அம்மா அதை ஆமோதிப்பதாக எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். மகளும் நானும் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் சிரிப்போம்.

இரவுதான் பெரிய விஷயம். அத்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். பச்சைக் குழந்தைக்கும் ஏறக்குறைய அதே இடைவெளியில் பசிக்கும். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று ஒரே அலாரம் இருவருக்கும் போதுமானதாக இருந்தது. ஒரு பக்கம் டயபர் மாற்றி, கை கழுவி, இன்னொரு பக்கம் துணி மாற்றுவேன். அலாரச் சத்தத்தில் அம்மா எழுந்துகொண்டு, அழுகிற குழந்தையை என் தம்பி என்று நினைத்து, "அவனைக் குடு, நான் பார்த்துக்கறேன், நீ போய்ப் படி" என்பார். அந்த நேரத்தில் அது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது எழுதும்போது வேறு மாதிரி இருக்கிறது.

பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தார்கள். "ரெண்டு வாரம்தான், அதுக்கு மேல யோசிச்சுக்கங்க" என்றார்கள். மத்திய அரசில் வேலை செய்கிற பெண்களுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு உண்டு. பெற்றவர்களைப் பார்க்க அப்படித் தனியாக எதுவும் இல்லை. சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பை எடுத்துக்கொள்ளலாம். தனியார் பள்ளியில் அதுவும் பேச்சுக்கு இல்லை. ஜப்பானில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. கவனிப்பு தேவைப்படும் உறவினர் ஒருவருக்கு 93 நாள் விடுப்பு. அதுபோக, அவசரத்துக்கு ஆண்டில் 5 நாள். கவனிக்க வேண்டியவர் இருவர் அல்லது அதற்கு மேல் என்றால் 10 நாள். 10 நாள் ஒன்றும் பெரிதல்ல. ஆனால் 'இருவர் அல்லது அதற்கு மேல்' என்று ஒரு வரி சட்டத்தில் இருக்கிறதே, அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"பேசாம வேலையை விட்டுடேன், பதினோராயிரம் சம்பளத்துக்கு எதுக்கு இந்த அல்லாட்டம்?" என்று பெரிய நாத்தனார் சொன்னார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அந்தப் பதினோராயிரத்தில்தான் டயபரும் மாத்திரையும் வருகின்றன. அதைவிட, பள்ளியில் இருக்கிற ஏழு மணி நேரம்தான் யாருக்கும் நான் மருமகளும் மகளும் அம்மாவும் இல்லாத நேரம். அங்கே என் முன்னால் இருக்கிற கணக்கு கூட்டினால் கூடும். அதை விட எனக்கு மனசில்லை.

அந்தக் கணக்குப் புத்திதான் பொங்கலுக்கு முந்தின வாரம் வேலை செய்தது. ஒரு பழைய நோட்டில் திங்கள் முதல் ஞாயிறு வரை எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதினேன். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அத்தைக்கு 44. அம்மாவுக்கு 36. மகளுக்கும் குழந்தைக்கும் 29. சமையல், துணி, கடைக்கு 26. என் குளியல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 5. மீதி 28 மணி நேரம் தூக்கம். அதாவது நாளைக்கு நாலு, அதுவும் துண்டு துண்டாக. அதே நோட்டில் கணவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி அவரையே எழுதச் சொன்னேன். மருந்து வாங்கப் போனது, பிசியோதெரபி செய்பவரோடு நின்றது எல்லாம் சேர்த்து 9 வந்தது. தம்பிக்கும் ஒரு பக்கம் போட்டேன். போனில் பேசியது 40 நிமிஷம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் பிறரைக் கவனிக்கும் வேலையில் ஈடுபடுகிறவர்களில், 15 முதல் 59 வயதுப் பெண்கள் ஒரு நாளைக்கு 140 நிமிஷம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 74. அந்த வேலையைச் செய்கிற பெண்களே நூற்றுக்கு 41 பேர். ஆண்கள் 21 பேர்.

பொங்கலுக்குத் தம்பி தாம்பரத்திலிருந்து குடும்பத்தோடு வந்தான். சாப்பாடு முடிந்ததும் நோட்டை எடுத்து நடுவில் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. கணவர் தன் பக்கத்தை ஏற்கெனவே பார்த்தவர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி படித்துவிட்டு, "மாசாமாசம் அஞ்சாயிரம் அனுப்பறேனேக்கா" என்றான்.

"ஆமாம்பா, வரவுல எழுதியிருக்கேன் பாரு."

அவன் மனைவி நோட்டை வாங்கிப் படித்தாள். "அம்மாவை நாங்க கூட்டிட்டுப் போறோம் அண்ணி" என்றாள். எனக்கு அங்கேதான் உறுத்தியது. அவளும் வேலைக்குப் போகிறவள். என் தலையிலிருந்து இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, குடும்பமே பொறுப்பைப் பகிர்ந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது? அதனால் தம்பியிடம் கேட்டேன். "ராத்திரி அம்மா எழுந்தா யாரு எழுந்திருப்பீங்க?" அவன் அவளைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து "நான்தான்" என்றான். "நோட்டுல எழுதிக் குடு" என்றேன். எழுதினான். சின்னப் பிள்ளையில் வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு.

கணவரின் பங்கு இன்னும் சிக்கலானது. அவர் மறுக்கவில்லை, அத்தைதான் மறுத்தார். மகன் டயபர் மாற்ற வந்த முதல் நாள், வாய் பேச முடியாதவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அவருடைய கூச்சத்தில் தப்பே இல்லை. ஆறு மாதக் குழந்தைக்குச் செய்வது போல எழுபத்தாறு வயதுக்காரிக்குச் செய்துவிட முடியாது. அதனால் காலையில் உடம்பு துடைக்க, பக்கத்துத் தெருப் பெண் ஒருவரை மாதம் நாலாயிரத்து ஐந்நூறுக்கு ஏற்பாடு செய்தோம். புரட்டுவது, கஞ்சி ஊட்டுவது, இரவு இரண்டு மணி, நாலு மணி அலாரம் கணவருக்கு. அவசரத்துக்கு அவர் டயபர் மாற்ற வேண்டி வந்தால், மேலே போர்வையைப் போட்டு மூடிக்கொண்டு, கீழே பார்க்காமல் மாற்றப் பழகியிருக்கிறார். முதல் ஒரு மாதம் மெத்தை நனைந்தது. துவைத்தோம். இப்போது அத்தை சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை.

அம்மாவோடு போன ஒருமுறை, ஆலோசகர் ஒருவர் எனக்கும் ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஸ்டீவன் ஸாரிட் என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயரால் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற 22 கேள்விகள். கவனிப்பவரின் பாரத்தை அளப்பதற்கு. உங்களுக்கென்று நேரம் இல்லாமல் போனதா, உங்கள் உடம்பு கெட்டதா என்கிற மாதிரி, நம்மை யாரும் கேட்காத கேள்விகள். எல்லாமே 'உங்கள் உறவினர்' என்று ஒருமையில் இருந்தது. "எந்த உறவினருக்கு எழுதறது மேடம்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு தாளையும் எடுத்துக் கொடுத்தார். இரவில் தூக்கமில்லாமல் தலை சுற்றுகிறவர்களுக்கு மனநல ஆலோசனைக்கு 14416 என்றும், முதியோர் சம்பந்தமான உதவிக்கு 14567 என்றும் இலவச எண்களை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு மாத்திரை டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறது.

மகள் ஐந்தாம் மாதத்தில் குழந்தையோடு காஞ்சிபுரம் போய்விட்டாள். வீடு காலியானது போல இருந்தது. அன்று இரவு ஐந்தரை மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினேன். அம்மா நாலு மாதம் தாம்பரத்தில், இரண்டு மாதம் என்னிடம் என்று ஏற்பாடு. இடம் மாறினால் மறதிக்காரர்களுக்குக் குழப்பம் கூடும் என்று டாக்டர் எச்சரித்தார். கூடத்தான் செய்கிறது. ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு வாரம் தன் வீட்டைக் கேட்டு அழுகிறார். இதைவிட நல்ல வழி எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. தம்பிக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்திருக்கிறது. வீடியோ காலில் பார்த்துக் கவலைப்பட்டேன். கொஞ்சம் திருப்தியும் பட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறார். வாசல் கதவில் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட நாளைக்குத் தச்சர் வருகிறார். பொரி வாங்கியாயிற்று. நேற்றுக் கஞ்சி ஊட்டும்போது அத்தையிடம், "ஞாயித்துக்கிழமை சம்பந்தி வராங்க" என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, இடது கையை மெதுவாகத் தூக்கி நெற்றியில் அடித்துக்கொண்டார்.